பட்டாளத்தார் வீட்டு நிலம்

கேள்வி: "எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். ராணுவத்தில் இருந்த கணவரை இழந்த பெண்கள் இரண்டு பேர். டிசம்பர் 7 கொடிநாளன்று இவர்களை மேடையேற்றி மரியாதை செய்ய இளைஞர்கள் சேர்ந்து வசூல் செய்துகொண்டிருக்கிறோம். பிளக்ஸ், சால்வை, கேடயம், மதியச் சாப்பாடு என்று கணக்கு போகிறது. இதைவிட உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?"

- வாசகர், வேடசந்தூர் வட்டம்

பதில்:

சால்வை போடுவதில் தப்பில்லை. பிளக்ஸை மட்டும் விட்டுவிடலாம். நாலு நாள் காற்றில் கிழிந்து யாராவது வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிற சமாச்சாரம் அது. சாப்பாடும் இருக்கட்டும். ஆனால் அந்த ஆறு பேரையும் இரண்டு பெண்களையும் தனித்தனியாக உட்காரவைத்து, "உங்களுக்கு ஊரில் என்ன சிக்கல்?" என்று கேட்டுப் பாருங்கள். எட்டு வீட்டில் ஐந்து வீட்டுப் பதிலாவது நிலத்தைப் பற்றியதாக இருக்கும்.

காரணம் எளிது. பட்டாளத்துக்குப் போகிற பையன் பதினெட்டு, இருபது வயதில் கிளம்புகிறான். சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் குறைந்தது 15 ஆண்டு பணி செய்ய வேண்டும். பெரும்பாலோர் 17 ஆண்டு, 20 ஆண்டு முடித்து, நாற்பதுக்குப் பக்கத்தில் ஊர் திரும்புகிறார்கள். நடுவில் ஆண்டுக்கு ஒரு விடுப்பு. அதுவும் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கோ, கோயில் கும்பிடுக்கோ கணக்குப் பண்ணி எடுத்தது. இந்த இருபது ஆண்டில் ஊரில் என்னென்ன நடந்திருக்கும் என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரப்பு ஒவ்வொரு உழவுக்கும் ஒரு சாண் நகர்கிறது. வண்டிப்பாதை முள்வேலிக்குள் போய்விடுகிறது. பொதுக்கிணற்றில் அவருக்கு இருந்த கால் பங்கு, அப்பா இறந்ததோடு பேச்சில் இருந்தே மறைந்துவிடுகிறது. மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. கூட்டுப்பட்டாவில் நாலு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பெயர் இருக்கிறது.

இதையெல்லாம் செய்தவர் யாரோ எதிரி இல்லை. பெரும்பாலும் சொந்த அண்ணன் தம்பி, பக்கத்து நிலத்துச் சித்தப்பா. "அவன்தான் சம்பளம் வாங்குறானே, அவனுக்கு எதுக்கு இந்தக் காடு?" என்கிற நினைப்பு ஒன்று ஊரில் உண்டு. அந்த நினைப்போடு சால்வை போட்டால், போடுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சங்கடம்.

போர் செய்தவனுக்குக் காட்டும் நன்றி நிலத்தில்தான் நிற்கும் என்பதை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். திண்டுக்கல்லை ஒட்டிய தேனி மாவட்டத்தில், வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்து பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. அதில் ஒன்று ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், உயிர்விட்ட ஒருவனுக்கு நட்டது. ஊர் மாட்டுக்காகச் செத்தவனுக்கு ஊர் வைத்த கல்.

கல் மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை. பிற்காலக் கல்வெட்டுகளில் நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று சில நிலங்களுக்குப் பெயர் வருகிறது. நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் ரத்தம்தான். சண்டையில் இறந்தவன் குடும்பம் பிழைக்க ஊராரோ அரசரோ விட்டுக்கொடுத்த நிலம் அது. கல் இறந்தவனுக்கு, நிலம் இருப்பவர்களுக்கு என்று கணக்கு தெளிவாக இருந்திருக்கிறது.

1965-ல் பாகிஸ்தானோடு போரும், நாட்டில் தானியப் பஞ்சமும் ஒன்றாக நெருக்கிய நேரத்தில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்றார். லாரிக்குப் பின்னால் எழுதிவைத்து அதைத் தேய்த்துவிட்டோம். வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறை பக்கம் போய்ப் பார்த்தால் ஜவானும் கிசானும் இரண்டு ஆள் இல்லை. ஒரே வீட்டின் அண்ணனும் தம்பியும். பல இடத்தில் ஒரே ஆளின் முன்பாதி வாழ்க்கையும் பின்பாதி வாழ்க்கையும்.

ஆகவே முதல் வேலை காகிதத்தைப் பார்ப்பது. அந்த எட்டு வீட்டாரின் பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஊரில் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கலாம். பெயர் சரியாக இருக்கிறதா, அப்பா இறந்தபின் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்றம் செய்யப்பட்டதா, பாகம் பிரித்திருந்தால் உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யு.டி.ஆர். காலத்தில் பெயர் விட்டுப்போனது, சர்வே எண் மாறிப்போனது போன்ற பிழைகள் இன்னமும் பல ஊர்களில் திருத்தப்படாமல் கிடக்கின்றன. அந்தச் சமயத்தில் வீட்டில் இல்லாதவர் அதைக் கவனித்திருக்க வழியே இல்லை. திருத்த மனு வருவாய்த் துறைக்குப் போக வேண்டும். மனு எழுதி, ஆவணம் இணைத்து, தாலுகா அலுவலகத்துக்கு நாலு நடை நடக்க ஒரு ஆள் வேண்டும். சால்வையைவிட அந்த நடை பெரிது.

இப்போது பணியில் இருக்கும் பையன்களின் வீட்டையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். எல்லையில் இருக்கும் சிப்பாயின் நிலத்தில் தகராறு என்றால், அவர் தன் பிரிவின் கட்டளை அதிகாரி மூலமாக மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் அனுப்பச் செய்யலாம். இது காலம்காலமாக உள்ள நடைமுறை. ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. போர் போன்ற சூழலில் பணியில் இருப்பதால் கோர்ட்டுக்கு வரமுடியாத வீரர் மீது அவர் இல்லாமலே தீர்ப்பு ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள 1925-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் போடப்பட்டது. இந்தியப் படைவீரர்கள் வழக்காடல் சட்டம் என்பது அதன் பெயர். வழக்கு இருக்கும் வீட்டார் தங்கள் வக்கீலிடம் இதை ஞாபகப்படுத்தலாம்.

குத்தகை விஷயம் கொஞ்சம் பக்குவமாகப் பேச வேண்டியது. பட்டாளத்தார் நிலத்தைப் பெரும்பாலும் ஊரிலேயே ஒரு சிறு விவசாயி வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுதுகொண்டிருப்பார். பதினைந்து ஆண்டு உழுதவருக்கு அந்த மண்ணோடு ஒரு பாசம் வந்துவிடும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதே சட்டத்தில், படைவீரர் சொந்தமாகச் சாகுபடி செய்ய நிலத்தைத் திரும்பப் பெறுவதற்கும் தனியாக வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் கோர்ட் வாசலில் நிற்பதைவிட, ஓய்வுக்கு ஓராண்டு முன்பே ஊர்ப் பெரியவர் நாலு பேர் முன்னால் பேசி, நிற்கும் பயிரை அறுத்துக்கொள்ளத் தவணை கொடுத்து, எழுத்தில் முடித்துக்கொள்வது மேல். இனிமேல் விடுகிற குத்தகையை ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

அரசு ஒப்படை செய்த நிலம் வைத்திருக்கும் முன்னாள் வீரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்படை உத்தரவில் நிபந்தனைகள் இருக்கும். விற்பது, பெயர் மாற்றுவது எல்லாம் அந்த நிபந்தனைக்கு உட்பட்டது. "கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நாங்க பார்த்துக்கிறோம்" என்று வரும் தரகரிடம் உத்தரவைக் கொடுக்கக்கூடாது. வாங்க நினைப்பவரும் அந்தக் காகிதத்தை முழுக்கப் படிக்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது.

அடுத்தது, ஊர் திரும்பிய முதல் ஆண்டு. இதுதான் ஆபத்தான ஆண்டு. பணிக்கொடை, சேமநிதி என்று ஒரு தொகை மொத்தமாகக் கைக்கு வந்திருக்கும். அது ஊருக்கே தெரிந்திருக்கும். சீட்டு நடத்துகிறவர், வட்டிக்குக் கேட்கிற மச்சான், வீட்டுமனை விற்கிறவர் என்று வரிசையாக வருவார்கள். அதற்கெல்லாம் அசையாத மனிதர்கூட ரிக் வண்டியிடம் மாட்டிக்கொள்வார். இருபது ஆண்டுக்கு முன்னால் ஊரில் கிணற்றில் தண்ணீர் பார்த்த ஞாபகம் அவருக்கு. ஆயிரம் அடி தாண்டியும் புகை மட்டுமே வந்த குழாய்க்கிணறுகள் வேடசந்தூர், குஜிலியம்பாறை பக்கம் எத்தனை என்று ஊரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கீழே பாறை. விரிசலில் தண்ணீர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு துளை பொய்த்தால் இரண்டாவது, இரண்டாவது பொய்த்தால் மூன்றாவது என்று பதினேழு ஆண்டுச் சம்பாத்தியம் மூன்று நாளில் மண்ணுக்குள் போய்விடும்.

அப்படிப் போகாமல் தடுக்கப் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் உண்மையைச் சொன்னால் போதும். "அண்ணே, இந்தப் பக்கம் நாங்க நாலு பேர் போட்டோம், மூணு பொய்த்துப்போச்சு. அவசரப்படாதீங்க. ஒரு மழைக்காலம் பார்ப்போம்." இதைச் சொல்லத் தயங்கி, "அவர் காசு, அவர் பாடு" என்று வேடிக்கை பார்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பண்ணைக்குட்டை வெட்டவும், இருக்கிற கிணற்றைத் தூர்வாரி ஆழப்படுத்தவும், முதல் இரண்டு ஆண்டு மானாவாரிச் சோளம், நிலக்கடலை என்று மண்ணைப் பழகிக்கொள்ளவும் சொல்லலாம். கொஞ்சம் தண்ணீர் இருந்தால் முருங்கை. பெரியகுளம் ஒன்று ரகத்தை இரண்டரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 640 செடி. முக்கால் மீட்டர் உயரத்தில் நுனி கிள்ளினால் பக்கக்கிளை பிடிக்கும், ஆறு மாதத்தில் காய் வரும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சீசனில் விலை எப்படி விழும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். விலை விழுவதைச் சொல்லாமல் விளைச்சலை மட்டும் சொல்வது அரைகுறை ஆலோசனை.

மானியம் பற்றி இரண்டு சந்தேகம் அடிக்கடி வருகிறது. முதலாவது, பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000 ரூபாய். மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவரின் குடும்பத்துக்கு இது கிடையாது. நாலாம் பிரிவு ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 'குடும்பம்' என்றால் இந்தத் திட்டத்தில் கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள். அதனால் மனைவி பெயரில் பதிந்தாலும் செல்லாது. உதவி செய்வதாக நினைத்து யாராவது பதிந்துவிட்டால், பின்னால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிய நிலைமை அவருக்குத்தான் வரும். தனியே நிலம் வைத்து உழும் அவருடைய அப்பாவின் கணக்கு வேறு. இரண்டாவது, சொட்டுநீர்ப் பாசனம். இதில் பார்ப்பது நில அளவைத்தான். ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கி, தோட்டக்கலை அல்லது வேளாண் அலுவலகத்தில் பதியலாம். "பென்ஷன்காரருக்கு எதுவும் கிடையாது" என்று ஊரில் யாரோ சொன்னதை நம்பி விட்டுவிட வேண்டாம்.

நிலத்தைத் தாண்டி ஒரு விஷயம். ஓய்வு பெற்று வந்தவரை ஊரில் பார்த்ததும் முதலில் கேட்கப்படும் கேள்வி என்ன? "என்ன மாமா, கோட்டா எடுத்தாச்சா?" வீட்டில் விசேஷம் என்றால் அழைப்பிதழோடு சேர்த்து கேன்டீன் பாட்டிலுக்கும் சொல்லிவிட்டு வருகிறார்கள். இல்லை என்று சொன்னால் 'பெரிய ஆபீஸர் ஆயிட்டாரு' என்ற பேச்சு. லடாக்கின் குளிரிலும் ராஜஸ்தானின் வெயிலிலும் நின்றுவிட்டு வந்த மனிதரை ஊர் ஒரு மதுக்கடையாகப் பார்ப்பது எவ்வளவு கேவலம் என்பதை இளைஞர்கள் யோசிக்க வேண்டும். மரியாதை செய்ய நினைப்பவர்கள் இந்த ஒரு கேள்வியை நிறுத்தினாலே பாதி மரியாதை செய்ததாகிவிடும். அதேபோல, "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்வதையும் நிறுத்த வேண்டும். பேச விரும்புகிறவர் தானாகப் பேசுவார். தேநீர்க் கடைத் திண்ணையில் உட்கார்ந்து மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினால் அவருக்கு ஊருக்குத் திரும்பியது போல இருக்கும்.

கணவரை இழந்த அந்த இரண்டு பெண்களுக்கு நவம்பர் மாதமே வேலை தொடங்கிவிடுகிறது. குடும்ப ஓய்வூதியம் நிற்காமல் வர ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். ராணுவ ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற இணைய முறைக்கு மாறியிருக்கிறது. வயதான பெண்ணுக்கு இந்த மாற்றமே புரியாது. மண்வேலை செய்து தேய்ந்த விரலில் கைரேகை விழுவதும் இல்லை. சான்று பதியாமல் போனால் பணம் நின்றுவிடும். நின்றது எதனால் என்று தெரிய நாலு மாதம் ஆகும். இளைஞர் ஒருவர் இரு சக்கர வண்டியில் அழைத்துக்கொண்டு போய் இ-சேவை மையத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதிந்து, ரசீதை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தால் அரைநாள் வேலை.

இன்னொரு சிக்கல், பெயர். கணவரின் பணிப் புத்தகத்தில் 'லெட்சுமி', ஆதாரில் 'லட்சுமி', வங்கியில் அப்பா பெயர் முன்னெழுத்து, ஓய்வூதிய ஆணையில் கணவர் பெயர் முன்னெழுத்து. நம் ஊரில் இதெல்லாம் ஒரே ஆள்தான். அங்கே இருக்கும் அலுவலகத்துக்கு நாலு ஆள். கணவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் சரிசெய்வது சுலபம். ஆகவே அந்த ஆறு பேர் வீட்டிலும் இப்போதே மனைவி, பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திண்டுக்கல்லில் உள்ள முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் இதற்கெல்லாம் வழி சொல்லும். ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று குறைதீர் கூட்டமும் அவ்வப்போது நடக்கிறது. தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டால் மனுவோடு போகலாம்.

தொழில் தொடங்க நினைக்கும் முன்னாள் வீரர்களுக்கு 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். கடன் கடன்தான். திட்ட அறிக்கை தயாராகாமல் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். வேலை தேடுபவர்களுக்கு 1986-ல் தொடங்கிய டெக்ஸ்கோ இருக்கிறது. வங்கி, அரசு நிறுவனக் காவல் பணிகளுக்கு அதன் வழியாக ஆள் எடுக்கிறார்கள்.

ஊரில் அக்னிவீரராகப் போன பையன்கள் இருப்பார்கள். 2022-ல் வந்த இந்த முறையில் பணி நாலே ஆண்டு. நாலில் ஒருவர் வரைதான் நிரந்தரமாகத் தொடர முடியும். மற்றவர்கள் ஒரு தொகையோடு, ஓய்வூதியம் இல்லாமல், இருபத்தைந்து வயதையொட்டி ஊர் திரும்புவார்கள். முதல் அணியினரின் நாலு ஆண்டு முடிவது 2026 கடைசியில். மேலே ரிக் வண்டியைப் பற்றிச் சொன்னது இவர்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். ஏனென்றால் அந்தத் தொகை போனால் மாதாமாதம் வருவதற்கு வேறு எதுவும் இல்லை.

சரி, டிசம்பர் 7-க்கு வருவோம். கொடிநாள் 1949-லிருந்து நடக்கிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் குறிக்கும் கொடியை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்வதோடு பலருக்கு அது முடிந்துவிடுகிறது. அந்தக் காசு முன்னாள் வீரர், அவர்கள் குடும்பம் ஆகியோரின் நலனுக்குத்தான் போகிறது. வசூலில் ஒரு பங்கை அதற்கு முறைப்படி செலுத்தி ரசீது வாங்கிவிடுங்கள். சாப்பாட்டை எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பணத்தில், அந்த இரண்டு பெண்களின் நிலத்துக்கும் அளவைக் கட்டணம் கட்டலாம். தமிழ்நிலம் இணையதளத்தில் வீட்டில் இருந்தே விண்ணப்பிக்க முடியும். வண்டிப்பாதை அடைபட்டிருந்தால் அதைத் திறந்துவிடும் தீர்மானத்தை ஜனவரி 26 கிராமசபையில் வைக்கலாம். பாதையை மறித்திருப்பவரிடம் முன்கூட்டியே இரண்டு பெரியவர்கள் போய்ப் பேசிவிட்டால் சபையில் சத்தம் வராது. டிசம்பரில் மானாவாரிப் பயிர் காட்டில் நிற்கும். அறுவடை முடிந்து பிப்ரவரியில் அளக்கச் சொன்னால் சங்கிலி இழுக்கச் சிரமம் இருக்காது. எல்லைக்கல் நடுகிற அன்று நாலு பக்கத்து நிலக்காரர்களும் அங்கே வந்து நிற்க வேண்டும். சர்வேயர் கையெழுத்து கேட்பது அவர்களிடம்தான்.